கீழே இருப்போர் பட்டியல்

நவம்பர் 6, வியாழன்

காலையில் தூறல். ரங்கூனில் நவம்பரில் எதற்கு மழை என்று தெரியவில்லை. கொடியில் போட்ட லோஞ்சிக் கைலி இரண்டும் நனைந்துவிட்டன. மின்சாரம் ஐந்து மணிக்கு வந்தது. "மீ லாபீ" என்று தெருவே கத்தியது, வழக்கம் போல. ஒன்பதுக்குப் போய்விட்டது. அதற்குள் சோறு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ் மூன்றும் ஆயிற்று. இஸ்திரி ஆகவில்லை.

ரோம் யாத்திரை ஜனவரியில். எங்கள் கோயில் கூட்டம் பத்தொன்பது பேர், நானும் தங்கை ஸ்டெல்லாவும் சேர்த்து. பத்து நாளில் ஒன்பது நாளைச் சாமியாரும் ஏஜெண்டும் ரோமுக்குள்ளேயே நிரப்பிவிட்டார்கள். ஒரு நாள் காலி. அன்றைக்கு வெளியே ஏதாவது பழைய ஊர். காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவது. எந்த ஊர் என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு பேச்சு.

மத்தியானம் பென்னி போனில் நான்கு பெயர் அனுப்பினான். கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். முப்பத்தெட்டு வயது, பபேடானில் போன் கடை. தங்கமான மனசு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவன், இப்போது வீட்டிலும் முக்கால்வாசி பர்மியம்.

அசிசி. ஒர்வியேத்தோ. சியேனா. சிவிதா.

நான்கில் ஒன்றைப் பொறுக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. நான்கும் ஒரே நாளில். விடிகாலை மூன்று மணிக்குப் புறப்பாடாம், கையில் சோற்றுப் பொட்டலத்தோடு.

இது பயாபூ புத்தி. இங்கே பஸ் பிடித்துப் பகோடா யாத்திரை போகிறவர்கள் ஒரே நாளில் ஒன்பது பகோடா பார்க்காமல் வீடு திரும்ப மாட்டார்கள். நாம் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் ஓட்டம் அதே ஓட்டம். பஸ்ஸில் தூக்கம், இறங்கி போட்டோ, ஏறி சோறு. எந்த போட்டோ எந்த ஊர் என்று பிறகு சண்டை.

எனக்கு ஒரே ஊர் போதும். மேலே ஏறிப் போய், மதில் ஓரத்தில் உட்கார்ந்து, கீழே பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டெல்லா கடலைப் பருப்பு வாங்க மறந்தாள். இன்றைக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் இளசு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பபேடான் வரைக்கும்.

ஆபீஸ் ஐந்தாம் மாடி. தொண்ணூற்றாறு படி. லிஃப்ட் கிடையாது. தின்கன்ஜூனில் வீடு மூன்றாம் மாடி, ஐம்பத்துநான்கு. அங்கேயும் கிடையாது. முப்பத்தொரு வருஷமாக இரண்டையும் தினம் ஏறுகிறேன். இடது கால் ஐந்து வயதுக் காய்ச்சலில் சூம்பியது. செருப்புக்கு அடியில் இரண்டு அங்குலக் கட்டை, கையில் கம்பு. மெதுவாகத்தான் ஏறுவேன். ஏறாமல் ஒரு நாளும் திரும்பியதில்லை.

துறைமுகச் சரக்குக்கு இங்கிலீஷில் ஃபாரம் டைப் அடிப்பது என் வேலை. இன்றைக்கு ஃபாரம் குறைவு. போனில் இத்தாலி படித்தேன்.

அசிசி. மலைச் சரிவில் ஊர். எல்லா வீடும் வெளிறிய ரோஜா நிறக் கல். பெரிய கோயில் ஊரின் கீழ்க் கோடியில், மற்றதெல்லாம் அதற்கு மேலே, அதற்கும் மேலே. எல்லோரும் இதற்குத்தான் கை தூக்குவார்கள். புனிதர் அசிசியார் ஊராயிற்றே.

சியேனா. நடுச் சதுக்கம் சிப்பி மாதிரி சரிந்திருக்கிறது. அழகு. ரோமிலிருந்து தூரம். நாளில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். வேண்டாம்.

சிவிதா. பாறை உச்சியில் ஒரு பிடி ஊர். போக ஒரே நடைபாலம், கடைசியில் செங்குத்து. வண்டி போகாது. குடியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். படத்தைப் பார்த்ததும் கால் கூசியது. ஆசையும் வந்தது, பொய் சொல்வானேன்.

ஒர்வியேத்தோ. மேசை போலத் தட்டையான பாறை மேல் ஊர். ஸ்டேஷனிலிருந்து கயிறு கட்டி இழுக்கும் ரயில் பெட்டி ஒன்று மேலே கொண்டுபோய் விடுகிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கோயில். ஊர் விளிம்பில் நின்றால் கீழே திராட்சைத் தோட்டம்.

ஒர்வியேத்தோ. முடிவு. (மூன்று தரம் அடிக்கோடு போட்டேன். தாள் கிழிந்தது.)

மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, இத்தாலிக்குப் போய் மலையா ஏறப் போகிறீர்கள், டோ ரோஸ், என்று கேட்டுச் சிரித்தார். டோ என்பது இங்கே மரியாதைக்கு. கெட்ட மனுஷர் இல்லை. வருஷா வருஷம் ஆபீஸ் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவரும் அவர்தான். சைட்டியோ, மண்டலே மலை, போப்பா. வீட்டாரும் வரலாம், ஸ்டெல்லாவும் வருவாள். பகோடா என்றால் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். யாராவது ஒருவர் செருப்புக்குக் காவல். யார் என்று ஒரு வருஷமும் கேட்டதில்லை. நான் உட்காரப் பலகை மட்டும் தேடித் தருவார்கள். போப்பாவில் குரங்கு ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதற்கும் நான்தான் பதில் சொன்னேன்.

மேலேயிருந்து எல்லோரும் சிவந்த முகத்தோடு இறங்கி வந்து, காற்று எப்படி, காட்சி எப்படி என்று சொல்வார்கள். "நீங்க பாக்கணும் டோ ரோஸ்" என்பார்கள். முப்பத்தொரு வருஷமாகக் கேட்டு வருகிறேன்.

நவம்பர் 8, சனி

செருப்புக் கட்டை ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. சந்தை முனையில் தைப்பவரிடம் புது ரப்பர் போட்டேன். இத்தாலியில் எல்லாம் கல் பாவிய தெருவாம், தாங்குமா என்றேன். ரங்கூன் நடைபாதைக்குத் தாங்கினால் எந்த ஊருக்கும் தாங்கும் என்றார். நியாயம்.

கடலைப் பருப்பு வாங்கினேன். நானே.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை. பிறகு கூட்டம், கோயில் பின்கட்டில். சமூசா, பால் டீ.

பென்னி பர்மியத்தில் ஆரம்பித்தான். நான்கு ஊர், மூன்று மணி, சோற்றுப் பொட்டலம். பெரிய மலைகள் ஆயிற்றே, ஏற முடியாதவர்கள் உண்டா என்று கேட்டான். நான் எழுந்தேன். எழவே கொஞ்ச நேரம் ஆகும் எனக்கு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேல வர எனக்கும் ஆசைதான் பென்னி. ஆனா…"

சொல்ல வந்தது: ஆனால் நான்கு ஊர் வேண்டாம், ஒன்றே போதும், அது ஒர்வியேத்தோவாக இருக்கட்டும். மூச்சு வாங்க நிறுத்தினேன். அதற்குள் பென்னி முகமெல்லாம் இளகி, "ஆமனாபானே ஆன்ட்டி, புரியுது, நாங்க பாத்துக்கிறோம்" என்றான். தயங்க வேண்டாம் என்று பர்மியத்தில் சொல்வது. நாலைந்து பேர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்கள். பக்கத்தில் ஒருத்தி என் முழங்கையைத் தடவினாள். எதற்கு என்று விளங்கவில்லை.

உடனே யாரோ மூன்று மணிக்குக் கழிப்பறைக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். அதுதான் அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் நான்கு ஊர் இரண்டானது: அசிசி, ஒர்வியேத்தோ. மூன்று மணி ஆறு மணியானது. என் ஊர் தப்பித்ததே என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். பென்னி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

நல்ல நாள். சமூசாவில் உப்பு தூக்கல்.

நவம்பர் 11, செவ்வாய்

பனி. குளிர் என்று சொல்ல முடியாது, ஸ்டெல்லா மட்டும் சொல்கிறாள்.

சாயந்திரம் கயிற்று மணி அடித்தது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு, நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர்காரர், தயிர்க்காரி, எல்லோரும் கீழிருந்தே இழுப்பார்கள். இன்றைக்குப் பென்னி. ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டிய பட்டியல், இங்கிலீஷில் டைப் அடித்து வைக்கணுமாம், வியாழக்கிழமை வருவானாம். கிளிப்பில் மாட்டினான், நான் இழுத்தேன்.

பர்மிய எழுத்தில் இரண்டு தலைப்பு.

மேலே செல்வோர்: பதினான்கு பேர்.
கீழே பஸ்ஸில் இருப்போர்: ஐந்து பேர்.

கீழேயில் முதல் பெயர் டோ ரோஸ். பக்கத்தில் அடைப்புக்குள்: பைகள் பொறுப்பு.

நின்றபடியே மூன்று முறை படித்தேன். பிறகுதான் உறைத்தது. ஆனா.

தமிழில் ஆனா என்றால் ஆனா. பர்மியத்திலும் ஒரு ஆனா இருக்கிறது. அடுத்தவருக்கு நம்மால் சிரமம் வரக்கூடாதே என்று கூசுவது, மனசு சுருங்குவது. இந்த ஊரில் நல்ல வளர்ப்பு என்றால் அதுதான். எனக்கு ஆனாவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மேலே யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அப்படித்தான் அவன் காதில் விழுந்திருக்கிறது: மேலே வர ஆசைதான் பென்னி, உங்களுக்கு ஏன் சிரமம். அதற்குத்தான் அந்த இளகிய முகம். அதற்குத்தான் முழங்கைத் தடவல்.

ஒற்றைச் சொல்லுக்காக ஒரு மலை போயிற்று. இரண்டு மலை.

ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் பெயர் மேலேயில் இருக்கிறது. படித்துவிட்டு, உன் நல்லதுக்குத்தானே அக்கா என்றாள். தவறாகப் புரிந்துகொண்டான் என்றேன். புரிந்துகொண்டது சரிதான், அவ்வளவு தூரம் போய் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்றாள். பிறகு, நினைத்துச் சொன்னாளோ வாய் தவறியோ, "முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமான்னு அம்மா சொல்லும்ல" என்றாள்.

சொன்ன மறுநிமிஷமே முகம் செத்துவிட்டது அவளுக்கு. நான் விடவில்லை.

"ஆசைப்பட்டா என்ன? தேன் குறைஞ்சிடுமா?"

அடுப்படிக்குப் போய்விட்டாள். பட்டியலை டைப் அடிக்கவில்லை. அடிக்கவும் போவதில்லை. என்னைக் கீழே உட்காரவைக்க என் விரலே வேண்டுமாக்கும்.

நவம்பர் 12, புதன்

மின்சாரம் இல்லை. ஸ்டெல்லா முட்டைக் குழம்பு வைத்து மூடிவிட்டுப் போயிருந்தாள். அவள் மன்னிப்புக் கேட்பது முட்டையில். சாப்பிட்டேன்.

பென்னி மேல் கோபப்படுவது சுலபம். ஆனால் அவன் எப்படி அவ்வளவு சட்டென்று நம்பினான்? ஐம்பத்தேழு வருஷமாக நான் அந்த ஆனாவைத்தானே சொல்லி வந்திருக்கிறேன். தமிழ் ஆனாவைச் சொன்னால்கூடப் பர்மிய ஆனாவாகக் கேட்கும்படி பழக்கிவைத்தவள் நான்.

ஆனாவால் போனவை, ஞாபகம் வந்த வரைக்கும்:

பள்ளிக்கூட நாடகம். மேடைக்கு மூன்று படி. எல்லோரும் காத்திருப்பார்களே என்று திரை இழுக்கப் போனேன்.

சின்ன மாமா மகள் கல்யாணம், மொல்மேன். படகில் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். போகவில்லை.

ஸ்டேட் ஸ்கூலில் டைப் வாத்தியார் வேலை. வகுப்பு நாலாம் மாடியில். அவர்களே சொல்வதற்கு முன்னால் நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகுதான் ஐந்தாம் மாடி ஆபீஸில் சேர்ந்தேன். முட்டாள்.

ஒருவர். பெயர் எழுத மாட்டேன். என்னோடு தெருவில் நடக்க அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று நானே நினைத்துக்கொண்டு நானே பேச்சை நிறுத்தினேன். அவரிடம் கேட்கவே இல்லை.

போதும். மெழுகுவர்த்தி தீர்கிறது, ஏழு மணிக்கே.

நவம்பர் 13, வியாழன்

ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். ஐந்தரைக்கு மணி அடித்தது. பால்கனிக்குப் போனேன். பென்னி கீழே, ஹெல்மெட்டோடு.

"கயிறு இறக்குங்க ஆன்ட்டி."

"மேல வா."

"வண்டி நிக்குதே ஆன்ட்டி, டைப் அடிச்சத மட்டும்…"

"மேல வா பென்னி."

வந்தான். இரண்டாம் மாடியில் ஒரு தரம் நின்றான், மூச்சுச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பத்தெட்டு வயதில் டீக்கடைத் தொந்தி. தண்ணீர் கொடுத்தேன். பட்டியலை மேசையில் விரித்துவைத்தேன், அவன் கொடுத்தபடியே.

"ஞாயித்துக்கிழமை நான் ஆனான்னு சொன்னது தமிழ்ல, பென்னி. பர்மியத்துல இல்ல."

முழித்தான். உதட்டை அசைத்து, இரண்டு ஆனாவையும் தனக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்பு. எனக்கும் வந்தது, வரவேண்டாம் என்று வைத்திருந்தேன், வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சிரித்து முடித்தபின் அவனுக்கு வெட்கம் வந்தது. ஆன்ட்டி எப்போதும் ஆனாப்படுகிறவராயிற்றே, அதனால்தான் அப்படி நினைத்தேன் என்றான்.

"எப்பவும் பட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. உன் தப்பு பைகள் பொறுப்புன்னு எழுதுனது."

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, இந்தக் கட்டடத்தில் எத்தனை படி என்று கேட்டான். சொன்னேன். ஆபீஸ் படியையும் சொன்னேன். தினமுமா என்றான். ஞாயிறு வீட்டுப் படி மட்டும் என்றேன்.

சரி செய்துவிடுகிறேன், நீங்கள் கவலையே படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பட்டியலையும் எடுத்துப் போனான். நல்ல பையன்தான்.

நவம்பர் 14, வெள்ளி

சரி செய்துவிட்டான்.

காலையில் கூட்டத்துக்கே போனில் செய்தி. அசிசி ரத்து. ஒர்வியேத்தோ ரத்து. பதிலாக ஓஸ்தியா. கடல் பக்கம், ரோமுக்கு அருகில், பழைய துறைமுக ஊர், இப்போது இடிபாடு. மலையே கிடையாது, தட்டை. "ரோஸ் ஆன்ட்டியும் நம்மோடு எல்லா இடத்துக்கும் வரலாம்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், இதயங்கள். யாரும் மறுக்கவில்லை. யார் மறுப்பார்கள்? எல்லோருக்கும் ஆனா.

பஸ்ஸில் போகும்போதே நெஞ்சு கொதித்தது. ஐந்தாம் மாடி ஏறினதே தெரியவில்லை.

மத்தியானம் சின்னப்பன் அண்ணன் போன் செய்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, இதயத்தில் கோளாறு. கீழே இருப்போரில் இரண்டாம் பெயர். ரொம்ப சந்தோஷம் தங்கச்சி, நல்ல முடிவு என்றார். குரலில் சந்தோஷமே இல்லை. நோண்டிக் கேட்டேன். அவர் சம்சாரம் இருந்த காலத்தில் ஒரு நாள் அசிசியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். சரி, அவள் போய்விட்டாள், நான் அடிவாரத்திலிருந்தாவது பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தேன், அதனால் என்ன, ஓஸ்தியாவும் நல்ல ஊர்தானாம் என்றார்.

ஆக, இப்போது அதுவும் என் கணக்கில். அன்றைக்கு முழுக்கப் பதினெட்டு பேர் இடிபாடுகளுக்கு நடுவே நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் மனசுக்குள் அசிசி அசிசி என்று. முன்னே செருப்பை மட்டும்தான் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது ஊரையே கொண்டுவந்து என் மடியில் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டெல்லாவுக்கு நிம்மதி. இதைவிட என்ன வேண்டும் உனக்கு என்கிறாள்.

ஞாயிறு பேசுவேன். ஆனா என்ற சொல்லே வராமல் பேச வேண்டும். எழுதிப் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு வாக்கியத்திலும் வந்து நிற்கிறது சனியன்.

நவம்பர் 16, ஞாயிறு

தெளிந்த வானம். வெள்ளைச் சட்டை, நீல லோஞ்சி. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசவில்லை, வியர்த்தால் வழியும்.

பூசையில் மனம் நிற்கவில்லை. ஆண்டவர் மன்னிப்பார்.

பின்கட்டில் பென்னி ஓஸ்தியா படம் காட்டத் தொடங்கினான். எழுந்தேன். எழும் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று நிதானமாகவே எழுந்தேன்.

சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

"எனக்காக ஊரை மாத்தாதீங்க. எனக்குக் கால் நல்லா இருந்தா நீங்க எங்க போவீங்களோ அங்க போங்க. நானும் வர்றேன். எனக்காக யாரும் நிக்க வேண்டாம், தூக்க வேண்டாம். நான் கேக்குறது ஒன்னுதான். கீழேன்னு ஒரு பட்டியல் வேண்டாம்."

பர்மியத்திலும் சொன்னேன், இளையவர்களுக்கு. பர்மியத்தில் சொல்லும்போது குரல் உடைந்தது. பரவாயில்லை.

பிறகு முழங்கை தடவினாளே அவள், உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டாள். ஆகட்டும், மேலே வைத்து ஆகட்டும் என்றேன். சாமியார் டீயை வைத்துவிட்டு, அப்படியானால் ஓட்டுப் போடலாமே, ஒரு நாளுக்கு ஒரு ஊர், என்றார். நான்கு ஊரும் சீட்டில்.

அசிசி: பதின்மூன்று.
ஒர்வியேத்தோ: ஆறு.
சியேனா, சிவிதா: ஒன்றும் இல்லை.

என் ஊர் தோற்றது. கயிற்று ரயிலும் கோடு போட்ட கோயிலும் போயிற்று. ஸ்டெல்லா அசிசிக்குப் போட்டிருக்கிறாள், கேட்டதும் ஒத்துக்கொண்டாள். கூடப்பிறந்தவள். என் கால் குறையே இல்லாததாக நினைத்து ஓட்டுப் போடச் சொன்னவள் நான், போட்டுவிட்டார்கள். ஒரு நிமிஷம் சீட்டுகளை நானும் எண்ணிப் பார்த்தேன். அடுத்த நிமிஷம், இதுதானே நீ கேட்டது ரோசு என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக மற்றவர்களைப் போல நியாயமாகத் தோற்றிருக்கிறேன்.

சின்னப்பன் அண்ணன் எழுந்து பென்னியின் நோட்டை வாங்கினார். பேனாவும் கேட்டார். கீழே இருப்போரில் தன் பெயரை அவரே அடித்தார்.

"ரோசு மேல போயிட்டா கீழ எனக்கு யாரு பேச்சுத் துணை? நானும் வர்றேன். டாக்டர் ஏறாதன்னு சொல்லல, ஓடாதன்னுதான் சொன்னாரு."

மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூன்று பெயரும் அடிபட்டன. என் பெயரை நானே அடித்தேன், தாள் கிழியாமல்.

பென்னி தலையைச் சொறிந்தான். அப்படியானால் பைகளை யார் பார்த்துக்கொள்வது என்றான். கேட்டபிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்திருக்கும், என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸுக்கு டிரைவர் உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு என்றார் சாமியார்.

வீட்டுக்கு வந்து அசிசி படங்களை மறுபடி பார்த்தேன். பஸ் ஊர் மதிலுக்கு வெளியே நின்றுவிடும். உள்ளே எல்லாம் ஏற்றம். பயமாக இருக்கிறது. எழுதியே வைக்கிறேன், பயமாக இருக்கிறது. ஒரு நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம் இயந்திரப் படி இருக்கிறதாம். அதில் ஏறுவேன். உள்ளே சின்ன பஸ் ஓடுகிறதாம். கால் வலித்தால் அதிலும் ஏறுவேன். வீம்பு இருக்கிறது என்பதற்காக மூளை இல்லை என்று அர்த்தமில்லை.

நவம்பர் 17, திங்கள்

மேகம். ஆபீஸ் மிஷினில் மத்தியானம் டைப் அடித்தேன். ஒரே பட்டியல், ஒரே தலைப்பு: அசிசி. பத்தொன்பது பெயர், வயசு வரிசையில். ஏஜெண்டுக்கு நாளை.

சாயந்திரம் ஸ்டெல்லா பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு நாளாகச் சேர்ந்து உட்காரவில்லை. அம்மா சொன்ன பழமொழியைச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். ஆமாம், கூடாது என்றேன். சரி பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு அவளாகவே, பயறைப் பார்த்தபடி:

"நான் எந்த மலைக்கு மேலயும் அஞ்சு நிமிஷம் நின்னதில்ல அக்கா. ஏறுனதும் இறங்கிடுவேன். நீ கீழ தனியா இருப்பியேன்னு. எனக்கும் எந்த ஊரும் ஞாபகம் இல்ல."

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. அவளுக்கும் ஐம்பத்துநாலு ஆகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன், கை முழுக்கப் பயற்றுத் தோல்.

அசிசியில் நீ உன் நடைக்குப் போ என்றேன். எனக்காக நிற்காதே, திரும்பிப் பார்க்காதே, உச்சிக் கோட்டை வரைக்கும் போ, அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார். சரி என்றாள். கொஞ்ச நேரம் உடைத்தாள். மறுபடி கவலை வந்துவிட்டது.

"நீ பாதி வழியில இருக்கிறப்பவே நாங்க எல்லாரும் பாத்து முடிச்சு இறங்க ஆரம்பிச்சிட்டா?"

"இறங்கி வர்றவங்கதான் ஒதுங்கணும். ஏறுறவளுக்கு வழி விடுங்க."